மன்னிப்புக்கு நாற்பது மார்க்

பூகோள டீச்சருக்கு வேலை போகவில்லை, பாடம்தான் போயிற்று. தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே விஷயம் நல்லதல்ல என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் பூகோளம் தனிப் பாடம் கிடையாதாம். வரலாறு, குடிமையியல், பூகோளம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறி, கரண்டியை வரலாற்று சார் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆகவே டீச்சர் இப்போது உபரி.

உபரி என்பது விற்காமல் அலமாரியில் தங்கிவிட்ட சரக்குக்குக் கல்வித்துறை வைத்த மரியாதையான பெயர். அதை ஆள் இல்லாத கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். டீச்சருக்கு ஒதுக்கியிருந்தது எல்லையோரத்துப் பள்ளி ஒன்று. அங்கே காலையில் ஒரு பஸ் போகும். அதே பஸ் சாயங்காலம் திரும்பும், டிரைவருக்கு மனசிருந்தால்.

இன்னொரு வழியும் இருந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் புதிதாக ஒரு தொழிற்பாடம் வருகிறது: விருந்தோம்பல். ஹோட்டல் வேலை என்று எழுதினால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் இந்தப் பெயர். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. உபரிகளில் யாராவது பயிற்சிக்குப் போய்ப் பாஸாகி வந்தால் அதே பள்ளி, அதே நாற்காலி. பாஸாகாவிட்டால் பஸ்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த தண்ணீர் மகளின் பாடப்புத்தகத்தில் விழுந்தது. அவர் கடைத்தெருவில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிறவர். கடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எல்லையோரத்துக்குப் போக முடியாது. மகளும் பதினொன்றாம் வகுப்பு, பாதியில் பள்ளி மாற்ற முடியாது. பாஸாகாவிட்டால் டீச்சர் மட்டும் தனியாகப் போய், யாரோ ஒருவர் வீட்டு மாடி அறையில் சமைத்துச் சாப்பிட்டு, மாதம் ஒருமுறை விருந்தாளி மாதிரி சொந்த வீட்டுக்கு வந்து போகவேண்டும். இதெல்லாம் தெரிந்தும்தான் சிரித்தார்.

"விருந்தோம்பலா? நீயா? என் பெரியப்பா மகன் வந்தப்போ, எந்த பஸ்ல போறீங்கன்னு முதல்ல கேட்டது யாரு?"

"முதல்ல எங்க கேட்டேன்? மூணாவது நாள்தான் கேட்டேன்."

பயிற்சி நடந்தது ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு நடுத்தர ஹோட்டலின் விருந்துக் கூடத்தில். தரையில் சிவப்புக் கம்பளம். எந்த விருந்தில் எந்தக் குழம்பு கொட்டியது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுவரோரமாக நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒரு மூலையில் பழகிப் பார்க்க ஒரு கட்டில், இன்னொரு மூலையில் வரவேற்பு மேஜை, அதன்மேல் எங்கேயும் இணைக்காத ஒரு டெலிபோன். வந்திருந்த ஆசிரியர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் உபரி. டீச்சருக்கு நன்றாகப் பழகியவர்கள் இரண்டு பேர்: பிசிக்ஸ் சாரும் பி.டி. மாஸ்டரும்.

பயிற்றுவித்த பெண் பெரிய பெரிய ஹோட்டல்களில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்று பழகியவள். வயதில் இவர்களிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளைவிடச் சின்னவள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு உண்டு; கூடவும் கூடாது, குறையவும் குறையாது, கடிகாரத்தின் வெள்ளைத் தட்டு மாதிரி அப்படியே இருக்கும். முதல் நாளே அவளுக்குச் சிரிச்ச முகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டப்பெயர் வைப்பதில் ஆசிரியர்களுக்கு இருக்கும் திறமை மாணவர்களுக்குத் தெரிந்தால், மாணவர்கள் வெட்கப்பட்டு அந்தத் தொழிலையே விட்டுவிடுவார்கள்.

பி.டி. மாஸ்டர் கட்டிலுக்கு விரிப்பு போட்டார். நான்கு மூலையையும் அவர் இழுத்துச் செருகிய வேகத்தில் மெத்தை நடுவில் வளைந்து படகாகிவிட்டது. வரவேற்பு மேஜையில் நிற்கச் சொன்னால், விருந்தினர்களாக நடித்தவர்களை உயரவாரியாக நிற்கவைத்து, குள்ளமானவருக்கு முதல் சாவியைக் கொடுத்தார். டெலிபோனை எடுக்கச் சொன்னால் பிசிக்ஸ் சார் முதலில் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பூகோள டீச்சரோ, அறை எங்கே இருக்கிறது என்று கேட்ட விருந்தினரிடம், "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம். நாம இப்போ எந்தத் திசையைப் பார்த்து நிக்கிறோம்?" என்றார்.

இதையெல்லாம் சிரிச்ச முகம் பொறுத்துக்கொண்டாள். அவள் சிரிப்பு முதன்முதலாக அணைந்தது சூப் நாளில்தான்.

சூப் என்றால் வெந்நீர்தான். பழகுவதற்கு அது போதும். சிரிச்ச முகம் விருந்தினராக உட்கார்ந்திருந்தாள். பிசிக்ஸ் சார் கிண்ணத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு, புவியீர்ப்பு மையத்தை மனதில் கணக்குப் போட்டபடி வந்தார். கணக்கு சரி, கால்தான் கம்பளத்தில் தடுக்கியது. அரைக் கிண்ணம் அவள் சட்டைக் கையில் கொட்டியது. பிசிக்ஸ் சார் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"கவனமா இருக்கீங்களான்னு பார்த்தேன்."

வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த வார்த்தை அதுவாகவே வந்துவிட்டது. சிரிச்ச முகம் ஈரக் கையோடு மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல சமாளிப்பு என்கிற மாதிரி.

அப்புறம் அவளுக்கு அதை விளக்கவேண்டியிருந்தது. இது ஆசிரியர் தொழிலின் அடிப்படைக் கருவி. கரும்பலகையில் கூட்டலைத் தப்பாகப் போட்டுவிடுகிறோம். பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, சார் தப்பு என்கிறது. உடனே பதறக் கூடாது. மெதுவாகத் திரும்பி, சாக்பீஸைக் கைமாற்றி, யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அங்கேயே நிறுத்தினால் அரை லாபம்தான். முழு லாபம் அடுத்த வரியில்: அப்போ இதை அப்படியே பார்த்து எழுதினவங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க. தப்பு செய்தது ஒருவர், எழுந்து நிற்பது முப்பது பேர். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, இது தெரியாத ஆசிரியரும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இந்தப் பயிற்சியில குறை கேட்கிற பாடத்துக்குத்தான் நாற்பது மார்க். அதுல மன்னிப்பு வாயால வரணும். அது வராம யாரும் பாஸாக முடியாது."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. மன்னிப்பை எழுதிக் காட்டினால் போதாதா என்று பிசிக்ஸ் சார் கேட்டார். போதாது என்றாள்.

அன்று முதல் காலையும் மாலையும் மன்னிப்புப் பழக்கம். பி.டி. மாஸ்டர் முதல் தடவை கேட்ட மன்னிப்பில் சமையலறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அணிவகுப்பில் கட்டளை போடுகிற குரல் அது. பிசிக்ஸ் சார் மன்னிப்புக்கு முன்னால் காரணம் சொல்ல ஆரம்பித்தார். காரணத்துக்குக் காரணம் என்று போய், மன்னிப்பு வருவதற்குள் விருந்தினர் வயதாகி ஓய்வுபெற்றுவிடுவார் போலிருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு வழியாக அந்த வார்த்தையைத் தொட்டுவிட்டார்கள். பூகோள டீச்சர்தான் தொடவே இல்லை.

சிரிச்ச முகம் அவர் முன்னால் உட்கார்ந்து, "மேடம், சூப் ஆறிப்போயிருக்கு" என்றாள்.

"கொண்டுவந்து வெச்சப்போ சூடாத்தானே இருந்துச்சு?"

"இப்போ ஆறியிருக்கு."

"வெச்ச உடனே குடிச்சீங்களா?"

"இல்ல, போன் பேசிட்டிருந்தேன்."

"அப்போ?"

அந்த 'அப்போ'வுக்குப் பின்வரிசையில் யாரோ கை தட்டிவிட்டார்கள். சிரிச்ச முகம் கையமர்த்தினாள். "டீச்சர், நீங்க ஜெயிச்சிட்டீங்க. கஸ்டமர் எழுந்து எதிர் ஹோட்டலுக்குப் போயிட்டார்."

டீச்சர் மேல் முழுப் பழியும் போட முடியாது. அவர் ஆசிரியர் மட்டுமல்ல, துணிக்கடைக்காரர் மகளும்கூட. அப்பாவின் கடையில் சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வளர்ந்தவர். சாயம் போய்விட்டது என்று துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு யாராவது வந்தால் அப்பா பதற மாட்டார், மன்னிப்பும் கேட்க மாட்டார். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, வருத்தத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்த சோப்பு போட்டீங்க?" எந்த சோப்பைச் சொன்னாலும் அது தப்பான சோப்பு. வந்தவர் தன் சோப்பை நொந்துகொண்டு, போகும்போது தலையணை உறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்து, பிறகு கரும்பலகைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவரிடம் போய், ஆறிய சூப்புக்கு மன்னிப்புக் கேள் என்றால் எங்கிருந்து வரும்?

இரண்டாவது வாரக் கடைசியில் "மன்னிக்கணும், ஆனா" என்பதுவரை வந்தார். சிரிச்ச முகம் "ஆனா"வுக்குத் தடை போட்டாள். "ஆனா" போனதும் "மன்னிக்கணும்"மும் கூடவே போய்விட்டது. இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்த சரக்கு போலிருக்கிறது.

வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, கணவர் அடுத்த கவளத்தை எடுக்கும் நேரம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க" என்றார்.

கணவர் கை பாதி வழியில் நின்றது. "என்னத்தை உடைச்சே?"

ஒன்றும் உடையவில்லை என்றார் டீச்சர். அவர் நம்பவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பி வந்து, உன் தம்பி குடும்பத்தோடு வரப்போகிறானா என்று கேட்டார். மகள் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது பயிற்சி என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்; உட்கார்ந்ததும் கடைக்காரராகிவிட்டார்.

"இதெல்லாம் கடைக்கு ஆகாத பேச்சு. மன்னிப்புக் கேட்டா என்ன அர்த்தம்? குடுத்த சரக்கைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு அர்த்தம். குழாய் ஒழுகுதுன்னு வந்தா நான் என்ன கேப்பேன்? எந்த பிளம்பர் மாட்டினான்னு கேப்பேன். உங்கப்பா இருந்திருந்தா இந்தப் பயிற்சிக்கு உன்னை அனுப்பியிருக்கவே மாட்டாரு."

டீச்சர் குழம்பை ஊற்றினார். அவருக்கும் உள்ளுக்குள் அதே கணக்குதான். படுக்கும்போது எல்லையோரத்து மாடி அறை கண்ணில் வந்தது. ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, கொடியில் ஒரே ஒருத்தர் துணி.

கடைசித் தேர்வு மாதிரி வகுப்பு. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பைக் கூடத்துக்கே கூட்டிவந்திருந்தார்கள். முதல் பாதியில் மேஜை போடக் கற்றுக்கொடுக்கவேண்டும், இரண்டாம் பாதியில் குறை கேட்பது. மார்க் போட இரண்டு பேர். ஒருத்தி சிரிச்ச முகம். இன்னொருவர் கல்வித்துறை ஆய்வாளர். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவராம். மூடியைக் கழற்றாத பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரத்து நாற்காலியில் சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருந்தார்.

பி.டி. மாஸ்டர் பாஸ். பிசிக்ஸ் சாரும் பாஸ். குறை சொல்லும் விருந்தினராக நடிக்கும் வேலையை ஒரு பையனிடம் தள்ளிவிட்டு, மன்னிப்பை இன்னொரு பையனைக் கேட்கவைத்து, தான் நடுவில் நின்று அபாரம் என்றார். மன்னிப்பு வாயால் வரவேண்டும் என்பதுதான் விதி, யார் வாயால் என்று விதியில் இல்லை. அடுத்தது பூகோள டீச்சர்.

முன்னால் ஒரு மேஜை, அதற்கு விருந்தினர் நாற்காலி ஒன்று; அது பிள்ளைகளுக்கு முதுகு காட்டியபடி பிள்ளைகள் பக்கமாகவே போடப்பட்டிருந்தது. பின்னால் பிள்ளைகளுக்கு ஜோடிக்கு ஒரு மேஜை. டீச்சர் வழக்கம்போல வகுப்பைப் பார்த்து நின்றார். நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், மேஜைக்கு அந்தப் புறம். வேறெங்கே நிற்பார்? வகுப்புக்கு முதுகைக் காட்டும் ஆசிரியர் முதுகில் என்னென்ன வந்து விழும் என்று அவருக்குத் தெரியும்.

குரல் நன்றாக எடுத்தது. கைக்குட்டை மடிப்பு, தட்டு, தண்ணீர் டம்ளர் எல்லாம் அழகாகப் போனது. "கத்தி வலது பக்கம். முள்கரண்டி இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே கத்தியைத் தன் வலது கைப்பக்கம் வைத்தார். பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை நம்புகிறவர்கள். டீச்சர் மேஜையில் கத்தி எந்தப் பக்கம் தெரிந்ததோ அதே பக்கம் தங்கள் மேஜையிலும் வைத்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த திசையில் அது இடது பக்கம். டீச்சர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லா மேஜையும் சரி. கடைசி வரிசையிலிருந்து பிசிக்ஸ் சார் வலது கையைத் தூக்கினார், இடது கையைத் தூக்கினார், இரண்டையும் குறுக்கே போட்டுக் காட்டினார். மனிதருக்கு உடம்பு வலி போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். கிழக்கு மேற்கு மாற்றிச் சொன்ன பிள்ளைகளை வாழ்நாளெல்லாம் பெஞ்சின்மேல் ஏற்றியவர் இந்த டீச்சர்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், ஒரு டவுட்."

"சொல்லும்மா."

"கத்தி வலதுன்னு சொன்னீங்க. ஆனா கெஸ்ட் இந்த நாற்காலியில உட்கார்ந்தா அவருக்கு அது இடது கைக்குத்தானே வருது?"

டீச்சர் மேஜையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அந்த நிமிஷமே அந்த வார்த்தை, இத்தனை வருஷம் சோறு போட்ட வார்த்தை, தானாக எழுந்து நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை எதிர்பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னொரு பக்கம் சிரிச்ச முகம். ஒரே கல்லாவில் இரண்டு வாடிக்கையாளர். ஒருவருக்குப் பிடித்த சரக்கு இன்னொருவருக்கு ஆகாது.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்துகொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஒருத்தன், பின்னால் இரண்டு பேர், அப்புறம் மொத்த வரிசையும். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பார்த்து வைத்தவர்கள் எழுந்து நிற்கவேண்டும், அதை ஏன் சொல்லவைப்பானேன் என்று அவர்களாகவே நின்றுவிட்டார்கள். டீச்சர் சொன்னதை ஒன்றுவிடாமல் அப்படியே செய்த பிள்ளைகள், ஒவ்வொருவரும் தன் மேஜையில் கத்தி இருந்த பக்கத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு.

"மன்னிச்சிடுங்க," என்றார் டீச்சர். "தப்பு என்னுது. உங்களைப் பார்த்து நின்னு வெச்சதுல பக்கம் மாறிடுச்சு. உட்காருங்க."

ஒருவரும் உட்காரவில்லை.

"உட்காருங்கப்பா."

முதல் வரிசைப் பையன் பக்கத்திலிருந்தவனிடம், உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்று உதட்டை அசைக்காமல் சொன்னான். அது கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணாடிப் பெண்தான் மரியாதையாகக் கேட்டாள்: "டீச்சர், இது டெஸ்ட்டா?"

"இல்லம்மா."

"டெஸ்ட் இல்லைன்னு சொல்றதும் டெஸ்ட்டா டீச்சர்?"

எவ்வளவோ மட்டமான துணியையெல்லாம் அப்பா கடையில் டீச்சர் விற்றுக் கொடுத்திருக்கிறார். இப்படி விலை போகாத சரக்கைப் பார்த்ததில்லை. இரண்டு வாரம் தொண்டையில் சிக்கியிருந்து ஒரு வழியாக வெளியே வந்த மன்னிப்பு, வாங்க ஆளில்லாமல் நடுக்கூடத்தில் கிடந்தது. உண்மையாகவே தப்புதான் என்று மூன்று விதமாகச் சொன்னார். சொல்லச் சொல்லப் பிள்ளைகள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். கடைசியில் பேச்சை விட்டார். மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். மொத்த வகுப்புக்கும் முதுகைக் காட்டி விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதுவும் வந்து விழவில்லை. வலது கையை நீட்டி எடுத்தார். கையோடு வந்தது முள்கரண்டி. அதை அப்படியே தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"ரொட்டியை நான் இதால அறுக்கணுமாம்."

யாரோ ஒரு பையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது பரவியது. அப்புறம்தான் உட்கார்ந்தார்கள். எல்லா மேஜையையும் கலைத்தார்கள். டீச்சர் ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் போய், பிள்ளைகள் பார்க்கிற திசையிலேயே நின்று, மறுபடி ஒழுங்காக வைக்கவைத்தார். கொடுத்த சரக்கைத் திருப்பி எடுப்பது நேரம் பிடிக்கிற காரியம். கணவர் சொன்னது சரிதான். கடைசி மேஜை முடிந்தபோது நேரமும் முடிந்தது. குறை கேட்கும் பாடத்தைத் தொடக்கூட இல்லை.

சாமான் அறை ஒன்றை மதிப்பெண் அறையாக்கியிருந்தார்கள். மேஜைத் துணி அடுக்குகளுக்கு நடுவே ஆய்வாளரும் சிரிச்ச முகமும். டீச்சரை எதிரே நிற்கவைத்தார்கள்.

ஆய்வாளருக்கு நிஜமாகவே வருத்தம். "ஏம்மா, யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சு போச்சு. நான் மார்க் போட ரெடியா பேனாவைத் திறந்துட்டேன்."

வகுப்புக் கட்டுப்பாடு போய்விட்டது, நாற்பது மார்க் பாடம் நடக்கவே இல்லை, ஆகவே அதற்குச் சைபர் என்றார். நடந்தது என்றாள் சிரிச்ச முகம். ஒரு குறை வந்தது, டீச்சர் கேட்டார், மன்னிப்புச் சொன்னார், சரிசெய்தார்; அதைவிட என்ன பாடம் வேண்டும்? பாடத்தலைப்பைப் பலகையில் எழுதவில்லையே என்றார் ஆய்வாளர். அவள் முப்பது என்றாள். அவர் ஐந்து என்றார். அவள் இருபத்தெட்டுக்கு இறங்கினாள். அவர் ஆறுக்கு ஏறினார். டீச்சர் இந்தப் பேரத்தை எத்தனையோ தடவை பார்த்தவர். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறார். விரித்துப் போட்ட துணிக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டில் ஆய்வாளர் நின்றுவிட்டார். கடைசியாக ஒரு வழி சொன்னார். இப்போதே, இங்கேயே, தான் விருந்தினர். குறை சொல்கிறேன், கேளுங்கள். சரியாகக் கேட்டால் பார்க்கலாம்.

நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில், "டீ ஆறியிருக்கு" என்றார்.

"மன்னிக்கணும் சார். உடனே வேற டீ கொண்டுவரச் சொல்றேன். வேற ஏதாவது குறை இருக்கா சார்?"

அந்தக் கடைசிக் கேள்வி பாடத்திட்டத்தில் இருப்பது. எல்லா ஹோட்டலிலும் கேட்பார்கள், யாரும் பதில் சொல்வதில்லை. ஆய்வாளர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்தார்.

"இந்த நாற்காலி ஆடுது," என்றார். "காலையிலேர்ந்து."

டீச்சர் மன்னிப்புக் கேட்டார்; நாற்காலியை மாற்றினார். புது நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆய்வாளருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தனக்குக் கொடுத்த அறை சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்திருக்கிறது. அதற்கும் மன்னிப்பு. துறையில் கொடுத்த ஜீப் மேட்டில் ஏறாது, இறங்கித் தள்ளவேண்டியிருக்கிறது. மன்னிப்பு. தனக்குக் கீழே இருந்தவன் தனக்கு மேலே போய்விட்டான், இப்போது கடிதத்தில் 'தாங்கள்' போடுவதில்லை. மருமகன் போனை எடுத்ததும் அத்தை இருக்காங்களா என்று கேட்கிறான், நீங்க எப்படி இருக்கீங்க மாமா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் டீச்சர் மன்னிப்புக் கேட்டார். "ஆனா" ஒன்றுகூட விழவில்லை. எந்த சோப்பு போட்டீங்க என்றும் கேட்கவில்லை. கைக்கு வந்துவிட்டால் இவ்வளவு சல்லிசான சரக்கா இது, இத்தனை வருஷம் கடையில் வைக்காமல் விட்டோமே என்று உள்ளூர ஆச்சரியப்பட்டுக்கொண்டே அளந்து அளந்து கொடுத்தார்.

சிரிச்ச முகம் ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆய்வாளர் பார்க்கவில்லை.

"அந்தப் பூகோளத்தைக் கொண்டுபோய் சமூக அறிவியல்ல சேர்த்தாங்க பாருங்க, அதுவே தப்பு. கமிட்டியில நான் சொன்னேன். என் பேச்சை எவன் கேட்டான்?"

"மன்னிக்கணும் சார்," என்றார் பூகோள டீச்சர்.

சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆய்வாளருக்கு உறைக்கவில்லை. நெஞ்சில் கைவைத்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, பரவாயில்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க என்று பெரிய மனசோடு மன்னித்தார். பேனா மூடியை மறுபடி கழற்றினார். நாற்பதுக்கு முப்பத்தைந்து போட்டார். சிரிச்ச முகம் அதில் இரண்டைக் குறைத்தாள். குறை சொன்ன பெண்ணுக்கு நன்றி சொல்லவில்லையாம். அதில் பேரம் கிடையாது என்றும் சொன்னாள். இரண்டு போனாலும் பாஸ் பாஸ்தான்.

பள்ளி வண்டி கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் கண்ணாடிப் பெண்ணைப் பிடித்து டீச்சர் நன்றி சொன்னார். அவள் ஜன்னல் வழியாகச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பிறகு ஹோட்டல் வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தார். எதிரே ரயில் நிலையத்திலிருந்து ஆட்கள் பெட்டியும் பையுமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"பாஸாயிட்டேன். எங்கேயும் போகல, இங்கேயேதான்."

மறுமுனையில் கடையில் யாரோ குழாயைத் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதாங்க?"

"கேக்குது, கேக்குது. நல்லது." கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணும் இல்ல. ஒரு பெட்டி வாங்கிட்டேன். பெரிசு. சக்கரம் வெச்சது."

"என்ன பெட்டி?"

"அங்கே தனியாப் போறவளுக்கு நல்ல பெட்டி ஒண்ணு வேணுமேன்னு. நேத்தே வாங்கிட்டேன். மனசு கேக்காம காலையில திருப்பிக் குடுக்கப் போனா அவன் வாங்க மாட்டேங்கிறான். பூட்டுல கீறல் இருக்காம். எப்படித் தூக்கினீங்கன்னு கேக்கிறான் என்னையே."

"நான் பாஸாக மாட்டேன்னு நேத்தே முடிவு பண்ணிப் பெட்டி வாங்கினீங்களா?"

சிரிச்ச முகம் சொல்லிக்கொடுத்தபடி டீச்சர் அதற்குமேல் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். எதிராளி பேசட்டும் என்று காதிலேயே போனை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வார்த்தை தொண்டைவரை ஏறி இறங்கியதுகூடக் கேட்டது.

"இங்க பாரு," என்றார் கடைசியில். "அந்தக் கோர்ஸ் படிச்சது நீயா நானா?"

போனை வைத்துவிட்டார்.